மண்வெட்டியோடு வந்தால் சீக்கிரம் சேரலாம்: நீலகிரியில் மலைச் சைக்கிளும் பாதைப் பணியும்

நீலகிரியில் எம்.டி.பி. எனப்படும் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் கூட்டம் சின்னது. பெயர்ப்பலகை, உறுப்பினர் அட்டை, சந்தா என்று எதுவும் இல்லாமல் நடக்கும் குழுக்களே அதிகம். ஒரு வாட்ஸ்அப் குழு, எல்லோரும் பழுதுக்குப் போகும் ஒரு சைக்கிள் கடை, ஞாயிறு காலையில் கூடும் ஒரு டீக்கடை. அலுவலகத்தைத் தேடினால் கிடைக்காது, ஆட்களைத்தான் தேட வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் கியர் சைக்கிள் பார்க்கும் கடைக்குப் போய், பிரேக் பேட் வாங்கும் சாக்கில் "மண்பாதையில் ஓட்டுகிறவர்கள் யார் இருக்கிறார்கள் அண்ணா?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். 2008 முதல் டிசம்பர் மாதங்களில் நடக்கும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் தார்ச்சாலைப் பயணம். அதில் வருகிறவர்களில் சிலருக்கு மண்பாதைக்காரர்களைத் தெரிந்திருக்கலாம், எல்லோருக்கும் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தொடர்பு கிடைத்ததும் நீங்கள் அனுப்பும் முதல் செய்தி முக்கியம். "ட்ரெயில் லொக்கேஷன் அனுப்புங்க" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் பதில் வராது. நல்ல பாதைகள் ஏதோ ஓர் எஸ்டேட் மேனேஜரின் வாய்வார்த்தை அனுமதியில் ஓடுகின்றன. இருப்பிடம் பத்துப் பேருக்குப் போய், அவர்கள் பைக்கில் வந்து சத்தம் போட்டால் மறுவாரமே கேட்டில் பூட்டு தொங்கும். உங்கள் ஊர், என்ன சைக்கிள், மண்பாதை அனுபவம் எவ்வளவு என்று உள்ளபடி எழுதி, "அடுத்த பாதைப் பணி எப்போது? வருகிறேன்" என்று முடியுங்கள். வேலைக்கு வருகிறேன் என்று சொல்கிற புதியவர்கள் குறைவு. அரை நாள் மண் வெட்டியவரை மறு ஞாயிறு ஓட்டத்துக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.

ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் வரைபடத்தில் கோடு தெரிகிறது என்பதால் அங்கே போகலாம் என்று ஆகிவிடாது. யாரோ அனுமதி இல்லாமல் ஓட்டிய கோடாகவும் இருக்கலாம். குழுவில் சேர்ந்த பின் உங்கள் ஓட்டங்களைப் பொதுவில் காட்ட வேண்டாம் என்று சொல்வார்கள், அதன்படி நடங்கள்.

யாருடைய மண்?

ஓட்டுவதற்கும் வெட்டுவதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. நீலகிரியில் அடுத்தடுத்த இரண்டு வளைவுகள் இரண்டு பேர் கையில் இருக்கும். ஒரு பக்கம் எஸ்டேட், மறுபக்கம் சிறு விவசாயியின் பட்டா, கீழே புறம்போக்கு, மேலே காப்புக்காடு, நடுவில் அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் நிலம். வெலிங்டன் பக்கம் ராணுவ இடமும் சேர்ந்துகொள்ளும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். முதுமலையும் முக்குருத்தியும் அதில் அடக்கம். பழனி மலைப் பக்கம் 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் பல ஊர்களின் ஓரம் வரை வருகிறது. அதனால் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ஓட்டுகிறவர்கள் எல்லை எங்கே என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு வனத்துறை கட்டுப்பாடுகளை இறுக்கிவிட்டது. 2024-ல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் பாதைகள் வழிகாட்டியோடு நடக்கிறவர்களுக்கானவை. அதில் முன்பதிவு செய்துவிட்டுச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க முடியாது.

மரம் பற்றியும் ஒரு வார்த்தை. மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக உண்டு. அதனால் சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்தையும் நினைத்தபடி வெட்ட முடியாது. மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே இங்கே பாதைப் பணி என்றால் கைக்கருவி வேலைதான்.

குழு சட்டப்படி சுத்தமாக வேலை செய்யக்கூடிய இடங்கள் எஸ்டேட்டுக்குள் இருக்கும் பழைய நடைபாதைகள், பட்டா நிலம், ஊராட்சி ஒப்புக்கொண்ட ஊர்ப்பாதைகள். எஸ்டேட்டில் கேட்கும்போது நேராக மேனேஜரிடம் போவதைவிட அந்த டிவிஷனின் தோட்ட வேலையைக் கவனிக்கும் கண்டக்டரையோ ரைட்டரையோ முதலில் பார்ப்பது பலன் தரும். எந்தத் துண்டில் கவாத்து நடக்கிறது, எங்கே மருந்தடிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு மேனேஜருக்கு ஒரு பக்கக் கடிதம். தேதி, நேரம், எத்தனை பேர், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, என்னென்ன கருவிகள், என்ன வேலை, முதலுதவி யார் பொறுப்பு, பொறுப்பாளரின் கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கட்டும். எஸ்டேட் நிர்வாகம் பயப்படுவது இரண்டுக்குத்தான்: யாராவது விழுந்து அடிபட்டால் பழி தங்கள் மேல் வருமோ, இவர்கள் பாதை என்று சொல்லி நாளைக்கு உரிமை கேட்பார்களோ. "காயத்துக்கு நாங்களே பொறுப்பு, பாதையில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, நீங்கள் சொன்னால் அன்றே நிறுத்திவிடுவோம்" என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் கதவு திறக்கும்.

முதல் ஓட்டத்துக்குச் சைக்கிளும் நீங்களும்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. முன்னால் 100 முதல் 120 மி.மீ. வரை அமுங்கும் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 2.2 இஞ்சுக்குக் குறையாத குமிழ் டயர் இருந்தால் போதும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ட்யூப் போட்டு ஓட்டினால் முன்னால் 26, பின்னால் 29 பி.எஸ்.ஐ. என்று தொடங்கிப் பார்க்கலாம். தார்ச்சாலைக்கு ஏற்றிய 45 பி.எஸ்.ஐ.யோடு வந்தால் ஈரமான வேரில் டயர் வழுக்கிவிடும். ரொம்பவும் இறக்கினால் கல்லில் மோதும்போது ரிம் ட்யூபைக் கடித்து இரண்டு ஓட்டை போடும். சைக்கிளில் ஏறி நின்றால் ஃபோர்க் மொத்த அசைவில் கால் பங்கு வரை அமுங்க வேண்டும். 100 மி.மீ. ஃபோர்க்குக்கு 20 முதல் 25 மி.மீ.

பிரேக் பேடை ஓட்டத்துக்கு முந்தைய நாளே கழற்றிப் பாருங்கள். 1 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழைக்காலச் சேற்றில் ரெசின் பேடுகள் சட்டென்று தேயும். உலோகக் கலவைப் பேடுகள் கூடுதலாக உழைக்கும், ஆனால் ரோட்டரில் 'ரெசின் மட்டும்' என்று பொறித்திருந்தால் அவற்றைப் போடக் கூடாது, ரோட்டரே தேய்ந்துவிடும்.

பையில் கூடுதல் ட்யூப், பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள், டி25 நட்சத்திரச் சாவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, உங்கள் பிரேமுக்கான டீரெயிலர் ஹேங்கர் (பின்பக்கக் கியர் மாற்றியைத் தாங்கும் சின்னத் துண்டு). கடைசியாகச் சொன்னது பிரேமுக்குப் பிரேம் மாறும், மலையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய டயரின் ஓரத்திலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி கத்திபோல நிற்கும். அது டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் இந்தத் துண்டை உள்ளே வைத்துத்தான் வீடு வர முடியும்.

கோவை, மேட்டுப்பாளையம் பக்கமிருந்து காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்கக் கூடாது. உயர்நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தண்ணீரை ஸ்டீல் பாட்டிலிலோ முதுகுப் பையிலோ கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

ஓட்டத்தில் முதல் நாள் நடுவில் இருங்கள். முன்னால் போகிறவருக்குப் பாதை தெரியும், கடைசியில் வருகிறவர் விழுந்தவர்களையும் பின்தங்கியவர்களையும் பார்த்துக்கொள்வார். பிரிவு வரும் இடத்தில் முன்னவர் நின்று பின்னவருக்கு வழி காட்டுவது வழக்கம், உங்கள் முறை வரும்போது நீங்களும் நில்லுங்கள். தெரியாத பாறை இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவரை யாரும் கேலி செய்வதில்லை. பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கிக்கொண்டே இறங்குகிறவரைத்தான் முறைப்பார்கள். அந்தப் பள்ளத்தை மறுமாதம் அவர்கள்தானே நிரப்ப வேண்டும்!

பாதையில் எதிரே வருகிறவர்கள்

சைக்கிள்காரர்கள் வருவதற்கு நெடுநாள் முன்பே இந்தப் பாதைகள் இருந்தன. கொழுந்து மூட்டையோ விறகோ தலையில் வைத்து நடக்கிற அக்கா, மாடு ஓட்டுகிற தாத்தா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் உரிமை. மூட்டையோடு வருகிறவருக்கு நீங்கள் முழுதாக இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒற்றைக் காலை ஊன்றிச் சைக்கிள் மேலேயே நிற்பது மரியாதையாகாது. சைக்கிள்காரர்களுக்குள் ஏறி வருகிறவருக்கு இறங்கி வருகிறவர் வழிவிட வேண்டும்.

எஸ்டேட்டில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் வேலை நடக்கும். மருந்தடித்த துண்டு வழியாக அன்றைக்குப் போகாதீர்கள். ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களில் கோயில் முன்னால் இருக்கும் புல்வெளி மைதானம் அல்ல, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போக வேண்டும். டிசம்பர், ஜனவரி வாக்கில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்குக் கோத்தகிரி பேரகணி நோக்கி வெள்ளுடையில் மக்கள் நடந்து வருவார்கள், அந்த நாட்களில் அந்தப் பக்கப் பாதைகளை விட்டுவிடுங்கள். தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளில் பால் கோயில் இருக்கும் இடத்தை வெளியாட்கள் நெருங்கக் கூடாது. தெரியாவிட்டால் தூரத்திலேயே நின்று கேளுங்கள்.

காட்டெருமை தேயிலைக்குள் நின்றால் முதுகு மட்டும்தான் தெரியும். கைப்பிடியில் சின்ன மணி ஒன்று கட்டிக்கொண்டு ஓட்டினால் வளைவில் நடக்கிறவருக்கும் உதவும், விலங்குக்கும் முன்கூட்டியே தெரியும். சத்தமில்லாமல் வேகமாக இறங்கும் சைக்கிள்தான் விலங்கை அதிகம் மிரட்டுகிறது. தனியாக நிற்கும் ஆண் காட்டெருமை என்றால் நின்று, மெல்லப் பின்வாங்கி, வேறு வழி பாருங்கள். கத்துவதும் கல் எறிவதும் ஆபத்து. குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடி நடமாட்டம் விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் அதிகம். காலை 7 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும் தோட்டப் பாதையில் இருக்காமல் திட்டமிடுங்கள். கூடலூர் பக்கம் யானை. அங்கே உள்ளூர் ஆள் இல்லாமல் போகவே வேண்டாம்.

தண்ணீர் எங்கே போகிறது

இனி வேலை. பாதையைத் தின்பது தண்ணீர். டயரும் காலும் செய்வது ஓர் உதவிதான்: நடுப்பகுதியை அமுக்கித் தாழ்த்திவிடுகின்றன, ஓரத்தில் மண்ணும் புல்லும் சேர்ந்து வரம்பு கட்டிவிடுகிறது. மழை பெய்ததும் அந்தத் தொட்டிக்குள் விழுந்த தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. பாதையோடு இறங்கி, வேகம் பிடித்து, மண்ணை வாரிக்கொண்டு போகிறது. இரண்டு மழைக்காலத்தில் முழங்கால் ஆழப் பள்ளம் தயார்.

ஆகவே எங்கே வேலை என்று முடிவு செய்ய மழை பெய்யும்போதே குடையோடு பாதையில் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மூன்றையும் குச்சி நட்டுத் துணி கட்டிக் குறியுங்கள். வெயிலில் பார்த்துப் போட்ட திட்டம் பாதி தப்பாகவே இருக்கும்.

சரிவை அளக்க ஒரு மீட்டர் நீளமுள்ள நேர்க்கட்டையும் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் போதும். கட்டையைப் பாதையில் நீளவாக்கில் வைத்து, தாழ்ந்த முனையை ரசமட்டக் குமிழி நடுவுக்கு வரும் வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் மண்ணுக்கும் நடுவே 12 செ.மீ. இருந்தால் சரிவு 12 சதவீதம். இரண்டு கணக்குகளை மனதில் வையுங்கள். பாதையின் சரிவு, அது குறுக்கே போகும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையோடு ஓடத் தொடங்கும். அடுத்தது, பாதையின் சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மலைச்சரிவு 16 சதவீதமே உள்ள இடத்தில் 10 சதவீதப் பாதை போட்டால் முதல் கணக்கு உடைந்துவிடும், அங்கே 8-ஐத் தாண்டக் கூடாது. மலைச்சரிவு 40 சதவீதம் என்றால் முதல் கணக்கு 20 வரை அனுமதிக்கும், ஆனால் நம் ஊர்க் களிமண் அதைத் தாங்காது.

பராமரிப்பு நாட்களில் பெரும்பகுதி நேரம் ஓர வரம்பை உடைப்பதிலேயே போகும். கீழ்ப்பக்க ஓரத்தில் சேர்ந்திருக்கும் மண்மேட்டை மண்வெட்டியால் வெட்டி எடுத்து, பாதை முழுவதையும் வெளிப்பக்கம் லேசாகச் சாய்க்க வேண்டும். 75 செ.மீ. அகலப் பாதைக்கு வெளி ஓரம் உள் ஓரத்தைவிட 4 செ.மீ. தாழ்ந்திருந்தால் சரி. வெட்டிய மண்ணை ஓரத்திலேயே குவித்தால் புது வரம்பு கட்டியதாகிவிடும். சரிவில் நன்றாகத் தள்ளிப் பரப்புங்கள். வேலை சரியா என்று பார்க்க உள் ஓரத்தில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து விடுங்கள். குறுக்கே உருண்டு வெளியே விழ வேண்டும்.

தட்டையான இடத்தில் தேங்கும் தண்ணீருக்கு அரைவட்ட வடிகால். பாதையோடு 3 மீட்டர் நீளம், நடுவில் வெளி ஓரம் 10 முதல் 12 செ.மீ. தாழ்வு, இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் பாதையோடு கலந்துவிட வேண்டும். சைக்கிளில் போகிறவருக்கு வடிகால் இருப்பதே தெரியக் கூடாது. வெளியே தண்ணீர் போகும் வாயை இரண்டு மீட்டருக்கு விசிறிபோல விரித்துச் சுத்தம் செய்யுங்கள். வாய் குறுகலாக இருந்தால் முதல் மழையில் வரும் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையே அதை அடைத்துவிடும்.

இறக்கத்தில் ஓடும் தண்ணீரைத் திருப்ப அரைவட்டம் பற்றாது, தாழ்வும் மேடும் சேர்ந்த உருள்வடிகால் வேண்டும். 3 அல்லது 4 மீட்டர் நீளத்துக்குப் பாதையை வெளிப்பக்கம் சாய்த்துத் தாழ்த்துங்கள். வெட்டி எடுத்த மண்ணை உடனே கீழே 4 அல்லது 5 மீட்டர் நீளத்துக்கு மேடாக்கி, 10 செ.மீ. அடுக்கு அடுக்காகப் போட்டுத் திமிசால் இறுக்குங்கள். உச்சி 25 செ.மீ. உயரம் இருக்கட்டும். மழையில் கொஞ்சம் அமுங்கிவிடும் என்பதால் கை நிறையவே போடுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு மேட்டைக் குட்டையாகவும் செங்குத்தாகவும் கட்டுவது. சைக்கிள்காரர்கள் அதில் தாவி இறங்குவார்கள், இறங்கும் இடம் குழியாகும், கடைசியில் தண்ணீர் மேட்டின் நடுவை அறுத்துக்கொண்டு போகும். செங்குத்தான துண்டில் 10 முதல் 15 மீட்டருக்கு ஒன்று, மெல்லிய சரிவில் 30 மீட்டருக்கு ஒன்று என்று வைக்கலாம்.

மரக்கட்டையைக் குறுக்கே புதைத்துத் தடுப்பது பழைய பழக்கம். நடைபாதைக்கு ஓரளவு உதவும், சைக்கிளுக்கு ஆகாது. ஈரமான கட்டையில் சாய்வாக ஏறும் சக்கரம் வழுக்கும். மேற்பக்கம் வண்டல் நிரம்பியதும் தண்ணீர் கட்டையைத் தாண்டியோ ஓரத்தைச் சுற்றியோ ஓடும். ஏற்கெனவே இருப்பதைப் பிடுங்காமல் மேலே வடிகால் போட்டுவிட்டு, அது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு எடுங்கள்.

வடிகால் தண்ணீர் யார் தலையில் விழும் என்று பார்க்காமல் வாய் வெட்டாதீர்கள். கீழே காரட் தோட்டமோ தொழிலாளர்களின் லைன் வீடோ இருந்தால் சண்டை வரும், வருவது நியாயமும்கூட. அதைவிடப் பெரிய ஆபத்து, தண்ணீரை ஒரே இடத்தில் குவித்துப் புதிதாக வெட்டிய சரிவிலோ கொட்டிய மண்ணிலோ விடுவது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டி வட்டாரத்தில் விழுந்த நிலச்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்னச் சின்ன அளவாக, பல இடங்களில், புல் மூடிய பழைய சரிவில் விடுங்கள்.

எப்போதும் ஊற்று கசியும் இடத்தில் மண் போடுவது வீண். அங்கே கல் பதிக்க வேண்டும். கீழ்முனையில் ஆளால் தூக்க முடிகிற அளவில் பெரிய கல்லை மூன்றில் இரண்டு பங்கு புதைத்து நங்கூரமாக வையுங்கள். அதற்கு மேல் தட்டைக்கற்களை நிறுத்தினாற்போல், ஒன்றை ஒன்று நெருக்கிச் சொருகிக்கொண்டே ஏறுங்கள். படுக்க வைத்த கல் சக்கரம் ஏறினால் ஆடும். இடுக்கில் சின்னக் கல்லை அடித்து இறுக்குங்கள். ஏறி நின்று குதித்தால் ஒரு கல்லும் அசையக் கூடாது. சதுப்பாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், நில உரிமையாளரிடம் பேசிப் பாதையை மேட்டுப்பக்கம் மாற்றுவதே வழி.

அப்படி மாற்றும் துண்டை மலைச்சரிவுக்குள் முழு அகலமும் வெட்டி எடுக்க வேண்டும். பாதி வெட்டி, அந்த மண்ணையே வெளியே கொட்டி அகலம் காட்டினால் கொட்டிய பாதி அடுத்த மழையில் சரியும். மேலே இருக்கும் தழைமண்ணை முதலில் தனியாக எடுத்து வையுங்கள், அது அழுகி அமுங்கும் என்பதால் பாதைக்கு ஆகாது. அடியில் கெட்டியான செம்மண் வரும் வரை வெட்டி, உள்பக்கச் சுவரைச் செங்குத்தாக விடாமல் சாய்த்துச் சீவுங்கள். எடுத்து வைத்த தழைமண்ணை வெட்டுப்பட்ட சரிவில் பரப்பினால் புல் சீக்கிரம் பிடிக்கும். ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டர் வெட்டினாலே நல்ல வேலை. பத்துப் பேர் மூன்று மணி நேரத்தில் 30 மீட்டர் முடித்தால் டீ வாங்கிக் கொடுங்கள்.

ஆளும் கருவியும்

பத்துப் பேருக்கு 4 மண்வெட்டி, 2 கடப்பாரை, 2 இரும்பு வாரி, 2 அரிவாள், கிளை வெட்டும் பெரிய கத்தரி 2, ஒரு கைரம்பம், மண் சுமக்க 3 பாண்டு சட்டி, ஒரு திமிசு, டேப், ரசமட்டம், முதலுதவிப் பெட்டி. எல்லோருக்கும் மண்வெட்டி கொடுத்தால் ஒருவர் வெட்டுகிற இடத்தில் இன்னொருவர் நிற்பார். வெட்டுகிறவர், அள்ளுகிறவர், இறுக்குகிறவர் என்று ஐந்து பேர் அணியாகப் பிரிந்து, அணிக்கு ஒருவர் பொறுப்பு. இருவருக்கு நடுவில் 3 மீட்டர் இடைவெளி. கருவியைத் தோளில் சாய்த்து நடக்கக் கூடாது, சரிவின் கீழ்ப்பக்கக் கையில், முனை தரையை நோக்கிப் பிடித்து நடக்க வேண்டும். விழுந்தால் கருவி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் போக வேண்டும்.

கையுறை, முழங்கை மூடிய சட்டை, பூட்ஸ் கட்டாயம். அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும் துணியில் முடிந்து வையுங்கள். புதரை வெட்டுவதற்கு முன் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள், குளவிக் கூடு உள்ளே இருக்கலாம். சோலை ஓரத்தில் நிற்கும் காஞ்சொறி துணியையும் தாண்டிச் சுடும்.

புதர்

பாதையின் இருபுறமும் சேர்த்து ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் திறந்திருந்தால் போதும். அதற்கு மேல் வெட்டினால் வெயில் விழுந்து உன்னிச்செடி இன்னும் அடர்த்தியாக முளைக்கும், சைக்கிளும் வேகமெடுக்கும். கிளையைத் தண்டோடு ஒட்டி வெட்டுங்கள். சாய்வாக வெட்டி நிறுத்திய குச்சி, விழுகிறவர் வயிற்றில் ஏறும். உன்னியை மேலே மட்டும் வெட்டினால் மறு மழையில் நாலு மடங்காக வரும். மண்ணுக்குக் கீழே சில செ.மீ. ஆழத்தில் வேர்த்தண்டை அறுத்து, வேர்ப்பக்கம் மேலே வரும்படி கவிழ்த்து வையுங்கள். காய் பிடிப்பதற்கு முன்னால் செய்வது நல்லது. செங்குத்தான சரிவில் மட்டும் வேரோடு பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள், அந்த வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது. சீகை (வாட்டில்) மரக் கன்றுகளை மழை ஈரத்தில் கையாலேயே பிடுங்கலாம்.

களைகளின் விதை டயர் சேற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகும். கிளம்புமுன் டயரையும் பூட்ஸையும் தேங்காய் நார் பிரஷ்ஷால் அங்கேயே தேய்த்துவிடுங்கள்.

எப்போது

நீலகிரிக்கு ஒரே மழைக்காலம் இல்லை. அவலாஞ்சி, எமரால்டு, கூடலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. பழனி மலைக்கும் பெரிய மழை அதுதான். உங்கள் பக்கத்துப் பெருமழைக்கு ஒரு மாதம் முன்னால் வடிகால் வாய்களைத் திறந்துவிடுங்கள். மண் வெட்டிக் கட்டும் வேலைக்கு ஈரம் வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. கோடைக்கு முந்தைய புழுதியில் கட்டிய மேடு இறுகவே இறுகாது. பிப்ரவரி நடுவிலிருந்து தீக்காலம். வெட்டிய தழையைக் குவிக்க வேண்டாம், நெருப்பு மூட்டவே கூடாது.

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும். காலையில் கல்லாக இருக்கும் பாதை 9 மணிக்கு வெயில் பட்டதும் மேல்மண் மட்டும் குழைந்துவிடும், அப்போது ஓட்டினால் தோல் உரிந்ததுபோல் வரும். அது காயும் வரை பொறுங்கள். மற்ற நாட்களுக்கும் ஒரு சோதனை உண்டு: டயர் தடம் 2 செ.மீ.க்கு மேல் பதிந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

கருவிகளை எண்ணி, மண் போகத் தேய்த்து, எண்ணெய் துடைத்து ஒரே இடத்தில் வையுங்கள். அரிவாள் தொலைந்தால் அது யாரோ ஒருவரின் காலில்தான் கிடைக்கும். முன்னும் பின்னும் எடுத்த படங்களை அன்று மாலையே எஸ்டேட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரும். முதல் பெருமழை முடிந்ததும் இரண்டு பேர் போய், போட்ட வடிகால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் வெளியேறிய தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடம் இல்லாத வடிகாலுக்கு மேலேயே தண்ணீர் வேறு வழி கண்டுபிடித்திருக்கும்.

புதர் வேலை செய்தவர்களுக்கு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி வந்தால் உடம்பில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் நுண்ணிய பூச்சி இந்தப் புதர்களில்தான் இருக்கும். டாக்டரிடம் "புதர் வெட்டப் போயிருந்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சரியான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் எளிதில் குணமாகிற நோய், தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.